கம்பத்தின் கீழ் ஒரு மீட்டர்

சேலத்திலிருந்து சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நான்குவழி நெடுஞ்சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? இத்தகைய சாலைகளின் சந்திப்புகளில் வெள்ளி நிறத்தில், எட்டுப் பட்டைகளுடன், மேலே போகப்போக மெலிந்து செல்லும் விளக்குக் கம்பங்களைக் கண்டிருப்பீர்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நைனார்பாளையம் போன்ற ஓர் ஊருக்குள் வந்தால் காட்சி மாறிவிடும். தெருவிளக்குக்கெனத் தனிக் கம்பம் அங்கே அநேகமாக இராது. மின்வாரியத்தின் சிமெண்டுக் கம்பத்திலேயே ஊராட்சியின் விளக்கையும் பொருத்திவிடுகிறார்கள்.

"அந்த இரும்புக் கம்பங்களை நம் ஊரிலேயே செய்ய முடியாதா, சார்?" என்று இந்தப் பக்கத்து மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. முடியும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கான உற்பத்தி வரிசையை எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது என்பதில்தான் நான் பலரோடு மாறுபடுகிறேன். என்ன இயந்திரம் வாங்கலாம், அது என்ன விலை என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். நானோ கம்பத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தொடங்கச் சொல்வேன். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கம்பம் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 9 மீட்டர் உயரமுள்ள ஒரு கம்பத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 155 மில்லிமீட்டர், நுனியில் 70 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர். இது வழக்கத்தில் உள்ள அளவுதான். ஒழுங்கான எண்கோணத்தின் சுற்றளவு, அதன் எதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப்போல் 3.31 மடங்கு. ஆகவே அடியில் தகட்டின் அகலம் 514 மி.மீ., நுனியில் 232 மி.மீ. இருக்க வேண்டும். அதாவது, கம்பத்தை விரித்துப் போட்டால் அது ஒரு நீண்ட சரிவகம்.

இங்கே உங்கள் வடிவகணிதம் பணமாகிறது! 746 மி.மீ. அகலமுள்ள நீண்ட தகட்டை எடுத்து, குறுக்குச் சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால், தலைமாற்றிப் படுத்த இரண்டு சரிவகங்கள் கிடைக்கின்றன. ஒன்றின் அடி இருக்குமிடத்தில் மற்றதன் நுனி இருக்கும். முனைகளைச் சிறிது சீர்செய்வதைத் தவிர வேறு சேதாரமே இல்லை. எடையையும் கணக்கிடலாம். சராசரிச் சுற்றளவு 373 மி.மீ.; அதை 3 மி.மீ. கனத்தாலும் 9 மீட்டராலும் பெருக்கி, எஃகின் அடர்த்தியான கன மீட்டருக்கு 7,850 கிலோவால் பெருக்குங்கள். ஏறக்குறைய 80 கிலோ வரும்.

இந்தத் தகடு எங்கிருந்து வரும்? "பக்கத்திலேயே சேலம் உருக்காலை இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் அந்த ஆலை, பாத்திரங்களுக்கும் கருவிகளுக்கும் உரிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுக்குப் பெயர் பெற்றது. அதில் தெருவிளக்குக் கம்பம் செய்வது வெள்ளித் தட்டில் மாட்டுக்குத் தவிடு வைப்பதுபோல. நமக்கு வேண்டியது சாதாரணமான, ஆனால் வலுவான, சூட்டில் உருட்டிய எஃகுச் சுருள். கர்நாடகத்தின் தோரணகல், ஜார்க்கண்டின் பொக்காரோ போன்ற இடங்களிலுள்ள பெரிய ஆலைகளில் அது தயாராகிறது.

வெட்டிய தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, குறித்த கோடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வளைக்கிறார்கள். தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைக்க வேண்டும். விட்டவுடன் தகடு சிறிது பின்வாங்கும். இதுதான் நீங்கள் படிக்கும் மீள்தன்மை. 9 மீட்டர் நீளத்துக்கு ஒரே இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு சிறிய இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கம் நிறுத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும்படி இணைத்துக்கொள்கிறார்கள். பிறகு விளிம்புகளைச் சேர்த்து, நீளவாட்டில் ஒரே ஒரு பற்றவைப்பு. கம்பத்தின் உடல் தயார். பார்வையாளர்களை வியக்க வைக்கும் கட்டம் இது. தொழிற்சாலை முதலாளிகள் படம் எடுத்து மாட்டுவதும் இந்த இயந்திரத்தைத்தான்.

ஆனால் கம்பத்தின் விதி இங்கே தீர்மானமாவதில்லை. இனிமேல்தான் அடிப்பகுதி வருகிறது.

புயற்காற்று கம்பத்தை என்ன செய்கிறது? காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.6 × வேகத்தின் இருமடி நியூட்டன். இந்த 0.6 எங்கிருந்து வந்தது? காற்றின் அடர்த்தி சுமார் 1.2; அதில் பாதி. இந்தியத் தர விதிகள் சென்னைக்குக் குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,500 நியூட்டன் விசை. நம் கம்பம் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். வடிவத்துக்கான பெருக்குத்தொகையையும் சேர்த்தால் சுமார் 2,000 நியூட்டன். இருநூறு கிலோ எடையைக் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். உச்சியிலுள்ள விளக்கின் பங்கையும் சேர்த்தால், அடியில் விழும் வளைதிருப்புத்திறன் ஏறக்குறைய 9,000 நியூட்டன்-மீட்டர்.

இந்தத் திருப்புத்திறன் நுனியில் பூஜ்யம். கீழே வர வர ஏறிக்கொண்டே வந்து, அடித்தகட்டில் உச்சத்தை அடைகிறது. அதனால்தான் கம்பம் மேலே மெலிந்தும் கீழே பருத்தும் இருக்கிறது. தென்னை மரம் இதை நம்மைவிட முன்பே அறிந்திருக்கிறது. அடித்தகட்டில் நான்கு போல்ட்டுகள். அவற்றின் இடைத்தூரம் 20 சென்டிமீட்டர் அளவே. 9,000-ஐ 0.2-ஆல் வகுத்துப் பாருங்கள்! காற்று வரும் பக்கத்திலுள்ள இரண்டு போல்ட்டுகள் சேர்ந்து நான்கரை டன் இழுவையைத் தாங்க வேண்டும். அந்த இழுவை முழுவதும், கம்பத்தையும் அடித்தகட்டையும் சேர்க்கும் ஒரு வளையப் பற்றவைப்பின் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், விசை உச்சத்தில் இருக்கும் அதே இடத்துக்கு அருகில்தான் நாம் ஓட்டையும் போடுகிறோம். கம்பத்துக்குள் கேபிளை இணைக்கவும் பியூஸ் மாற்றவும், அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கதவு வைக்கிறார்கள். ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள திறப்பு அது. அங்கே கம்பத்தின் சுற்றளவில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு காணாமற்போகிறது. அதை ஈடுகட்டத் திறப்பைச் சுற்றி உட்புறமாக ஒரு தடித்த சட்டம் பற்றவைக்க வேண்டும். திறப்பின் மூலைகளையும் உருண்டையாக வெட்ட வேண்டும். கூரிய மூலையில் தகைவு குவியும், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். புயல்தான் வர வேண்டும் என்பதுமில்லை. மெல்லிய காற்றிலும் கம்பம் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு கம்பியை நூறு முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? பல லட்சம் சிறு வளைவுகள் பற்றவைப்பின் ஓரத்தில் அதே வேலையைச் செய்யும். அதிர்வை அறியக் கம்பத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, துரு. மழைநீர் தேங்குவதும், மண் ஒட்டுவதும், வண்டிகள் உரசுவதும் எல்லாம் கீழே ஒரு மீட்டரில்தான். நாய்களையும் மறந்துவிடக் கூடாது. சிரிக்காதீர்கள். ஜப்பானில் சுசுகா நகரில் 2021-ல் ஒரு போக்குவரத்து விளக்குக் கம்பம் அடியோடு சாய்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிற்கும் என்று எதிர்பார்த்த கம்பம் 23 ஆண்டுகளில் விழுந்துவிட்டது. ஆராய்ந்தபோது, நாய்களின் சிறுநீர் அடிப்பகுதியை அரித்ததே காரணம் என்று காவல்துறை கண்டறிந்தது. நம் ஊரில் நாய்களுக்குப் பஞ்சமா?

துருவைத் தடுக்கக் கம்பத்தை உருகிய துத்தநாகத்தில் முக்குகிறார்கள். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் வினைபுரியும். ஆகவே ஒரு கீறல் விழுந்தாலும் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பூச்சின் கனம் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ துத்தநாகம். உள்ளும் புறமுமாகக் கம்பத்தின் பரப்பு 6.7 சதுர மீட்டர். எனவே ஒரு கம்பத்துக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. பெரிய தொகையல்ல. ஆனால் முக்கும் தொட்டியைக் கணக்கிட்டால் தலை சுற்றும். கம்பம் முழுவதும் ஒரே முறையில் மூழ்க 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும் என்று கொள்வோம். அதை நிரப்ப ஏறக்குறைய 100 டன் துத்தநாகம் தேவை! அதை 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரவும் பகலும் வைத்திருக்க வேண்டும். வேலை இல்லாத நாளிலும் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. 420 பாகைக்குக் கீழே இறங்கினால் எல்லாம் ஒரே பாளமாக உறைந்துவிடும்.

அதோடு, முக்குவதற்குமுன் துருவை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டி வேண்டும். நாள்பட்டபின் இரும்புக் குளோரைடு நிறைந்த அமிலக் கழிவு மிஞ்சும். ஏரியையும் கிணற்றையும் நம்பி மக்காச்சோளமும் கரும்பும் மரவள்ளியும் பயிராகும் பூமியில், அந்தக் கழிவைச் சரியாகக் கையாள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும், சுத்திகரிக்கும் அமைப்பும், அதை அக்கறையோடு இயக்கும் ஆளும் வேண்டும். மாதம் சில நூறு கம்பங்கள் செய்யும் சிறு ஆலைக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே நைனார்பாளையத்தில் துத்தநாகத் தொட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும் இங்கே நடக்கட்டும். முலாம் பூச, அதற்கென்றே பெரிய தொட்டி வைத்திருக்கும் ஆலைக்கு லாரியில் அனுப்பட்டும்.

இப்படி அனுப்புவதில் ஒரு கட்டுப்பாடு தானாக வந்து சேர்கிறது. முலாம் பூசியபின் கம்பத்தில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. செய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் போய்விடும், துரு அங்கேயே குடியேறும். எனவே கதவு, சட்டம், துளைகள், எர்த் கம்பியை மாட்டும் காது, எல்லாம் லாரியில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கம்பத்தின் உள்ளே காற்றும் அமிலமும் அடைபடாதபடி அடித்தகட்டிலும் மூலைகளிலும் வழிகள் விட வேண்டும். அடைபட்ட ஈரம் உருகிய துத்தநாகத்தில் நொடியில் நீராவியாகி, கம்பத்தையே வெடிக்கச் செய்யும். தொட்டியருகே நிற்பவர் உயிருக்கு அது ஆபத்து. நைனார்பாளையத்தில் ஒருவர் துளையிட மறந்தால் வேறோர் ஊரில் ஒருவர் காயமடைவார். தகடு வாங்கும்போது அதிலுள்ள சிலிக்கானின் அளவையும் சான்றிதழில் பார்க்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட வரம்பில் இருந்தால் முலாம் மிகத் தடித்து, மங்கி, உதிரத் தொடங்கும்.

எர்த் காது என்றேன். என்னைப் பொறுத்தவரை முழுக் கம்பத்திலும் முக்கியமான உறுப்பு அதுதான். மழைநாளில் விளக்குக் கம்பத்தைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அங்கே என்ன நடக்கிறது? கேபிளின் உறை கிழிந்து, 230 வோல்ட் கம்பத்தின் உடலைத் தொடுகிறது. கம்பம் வெறும் கான்கிரீட் அடித்தளத்தில் நிற்கிறது என்றும், தரைக்கு உள்ள தடை 100 ஓம் என்றும் கொள்வோம். ஓம் விதிப்படி 2.3 ஆம்பியர்தான் பாயும். 6 ஆம்பியர் பியூஸ் அதைப் பற்றிக் கவலையே படாது. விளக்கு வழக்கம்போல் எரியும். கம்பம் முழுவதும் மின்னழுத்தத்தோடு காத்திருக்கும். ஈரக் கையும் வெறுங்காலுமாக ஒரு சிறுவன் தொட்டால், அவன் உடலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கொண்டால், 0.2 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. இதயத்தை நிறுத்த அதில் பாதியே போதும்.

அதே கம்பத்தைச் சரியான எர்த் கம்பியால் 5 ஓம் தடையுள்ள நிலமுனையோடு இணைத்திருந்தால்? 46 ஆம்பியர் பாயும், பியூஸ் கணத்தில் உருகும், விளக்கு அணையும். ஊரார் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுவார்கள். அவ்வளவோடு போகும். சிமெண்டுக் கம்பத்திலிருந்து இரும்புக் கம்பத்துக்கு மாறும் ஊர், இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே மாற வேண்டும்.

இனி உற்பத்தி வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தை உதாரணமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட 5 நிமிடம், வளைக்க 10 நிமிடம். நீளவாட்டுப் பற்றவைப்பு நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 9 நிமிடம். அடித்தகடு பொருத்தி உள்ளும் வெளியும் பற்றவைக்க 15 நிமிடம். கதவு, சட்டம், எர்த் காது ஆகியவற்றுக்கு 20 நிமிடம். ஒரு மணிக்கு எத்தனை கம்பம் வெளிவரும்? எல்லாவற்றையும் கூட்டி வகுக்கக் கூடாது. கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதால், மிக மெதுவான கட்டமே முழு வரிசையின் வேகத்தையும் நிர்ணயிக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு கம்பம்; 8 மணி நேரத்தில் 24. முதலாளி கடன் வாங்கி, 5 நிமிடத்தில் வளைக்கும் புதிய இயந்திரத்தை இறக்கினாலும் அதே 24 தான். கதவு வேலைக்கு முன்னால் வளைத்த கம்பங்கள் மலையாகக் குவியும், அவ்வளவே.

கவனித்தீர்களா? மெதுவான இரண்டு கட்டங்களும் அந்தக் கீழ் ஒரு மீட்டரைச் சேர்ந்தவை. ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்றவுடன் மேற்பார்வையாளரின் கண் இந்த இடத்தில் விழும். உட்புறப் பற்றவைப்பை விட்டுவிடலாமே, வெளியில் பார்த்தால் தெரியவா போகிறது? சட்டத்தைச் சுற்றி முழுவதும் பற்றாமல் அங்கங்கே புள்ளி வைத்தால் போதாதா? எர்த் காதைப் பிறகு போல்ட் போட்டுக்கொள்ளலாமே? இந்தச் 'சிக்கனம்' ஒவ்வொன்றும் புதிய கம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. சரியான வழி, அந்தக் கட்டத்துக்கு இன்னொரு மேசையும் இன்னொரு பற்றவைப்பாளரும். கதவு வேலை இரண்டு மேசைகளில் நடந்தால் 10 நிமிடத்துக்கு ஒன்று முடியும். அப்போது அடித்தகட்டின் 15 நிமிடமே எல்லை. ஒரு நாளில் 32 கம்பங்கள். பெரிய இயந்திரத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் இதற்கு ஆகும். கைதேர்ந்த ஓர் ஆளுக்கு வேலையும் கிடைக்கும்.

விவசாய ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வேலி என்று ஒரு சிற்றூர். நம் தோட்டத்து வேலி அல்ல. பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். சோளக் காடுகள் சூழ்ந்த அவ்வூரருகே 1946-ல் ராபர்ட் டாகர்ட்டி என்பவர் விவசாயக் கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் முதலீடு செய்தார். 1954-ல் பிராங்க் சைபாக் என்னும் உழவர் கண்டுபிடித்த, வட்டமாகச் சுற்றி நீர் தெளிக்கும் பாசனக் கருவியின் உரிமையைப் பெற்றார். அதற்குக் குழாய் நிறைய வேண்டியிருந்ததால் குழாயைத் தாமே செய்யத் தொடங்கினார். குழாய் செய்யத் தெரிந்தபின் விளக்குக் கம்பம் எவ்வளவு தூரம்? இன்று வால்மான்ட் என்ற அந்த நிறுவனம் உலகின் பெரிய கம்ப உற்பத்தியாளர்களில் ஒன்று. நம் பக்கத்திலும் டிராக்டர் பெட்டியும் இரும்புக் கதவும் கூரைச் சட்டமும் செய்யும் வெல்டிங் பட்டறைகள் சிற்றூர்தோறும் இருக்கின்றன. தகட்டைப் பற்றவைக்கும் கை இங்கே புதிதல்ல. அந்தக் கையின் வேலையை அளந்து பார்க்கும் பழக்கம்தான் புதிதாக வர வேண்டும்.

அதனால் வரிசையின் கடைசிக் கட்டமாக ஒரு சோதனைத் திடலை நான் கட்டாயம் சேர்ப்பேன். மூன்று குழாய்களை ஒன்றினுள் ஒன்று சூட்டோடு செருகிச் செய்யும் பழைய வகைக் கம்பங்களுக்கு இந்தியத் தர விதி சொல்லும் சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கம்பத்தை நிமிர்த்தி, அடிப்பக்கம் கீழாக 2 மீட்டர் உயரத்திலிருந்து கட்டையின்மேல் மூன்று முறை தொப்பென்று போட வேண்டும், இணைப்பு ஒன்றுகூடத் தளரவோ உள்ளே இறங்கவோ கூடாது. எட்டுப்பட்டைக் கம்பத்துக்கு வேறு சோதனை. அடியை இறுகப் பிணைத்து, நுனியருகே கயிறு கட்டிக் கணக்கிட்ட விசையால் இழுத்து, எவ்வளவு வளைகிறது, விட்டபின் எவ்வளவு மீள்கிறது என்று அளவுகோலால் அளக்க வேண்டும். எர்த் காதிலிருந்து கம்பத்தின் நுனிவரை தடை எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதை ஒவ்வொரு கம்பத்திலும் செய்யலாம்.

பற்றவைப்பு உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அறிய எளிதான, உறுதியான வழி ஒன்று உண்டு. கம்பத்தின் அடியைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தைப் பளபளவென்று தேய்த்து, நீர்த்த அமிலம் தடவிப் பார்த்தால் உருகிய பகுதி தனி நிறத்தில் தெரியும். அதற்காக அவ்வப்போது நல்ல கம்பம் ஒன்றை வரிசையிலிருந்து உருவி, வேண்டுமென்றே அறுத்துப் பாழாக்க வேண்டியிருக்கும். எந்த முதலாளிக்கும் இது வயிற்றெரிச்சல்தான். ஆகவே அந்த 80 கிலோ எஃகை, ஆலைக்கு மதிப்பீடு போடும் முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.